ஐஸ் ஹாக்கியைத் தொழிலாகக் கொள்வது: தில்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் அறிமுகம்

ஐஸ் ஹாக்கி ஆட்டம் 60 நிமிடம். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். ஓர் அணியில் ஒரே நேரத்தில் ஒரு கோல்கீப்பரும் ஐந்து ஆட்டக்காரர்களும் களத்தில் இருப்பார்கள். ஐந்து பேருக்கு 60 நிமிடம் என்றால் மொத்தம் 300 நிமிடம். அதை அன்று சீருடை அணிந்த 18 ஆட்டக்காரர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 16 நிமிடம் 40 விநாடி வரும். எந்தப் பயிற்சியாளரும் அப்படிப் பிரிப்பதில்லை. அணியின் முதல் டிஃபன்ஸ் ஆட்டக்காரர் 24, 25 நிமிடம் ஆடுவார். தாக்கி ஆடும் ஃபார்வர்டுகள் மூவர் மூவராக நான்கு வரிசைகளில் மாறி மாறி இறங்குவார்கள். நான்காம் வரிசை ஃபார்வர்டுக்கு எட்டோ பத்தோதான் கிடைக்கும்.

இந்தக் கணக்கு பிடிபட்டால் தொழிலின் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். சிறுவயதில் ரிங்கில், அதாவது பனித்தள அரங்கில், கிடைக்கும் மணிநேரம், பதின்வயதில் பயிற்சியாளர் தரும் நிமிடங்கள், பிறகு ஒப்பந்தத்தில் ஏறும் தொகை என்று எல்லாமே ஐஸ் நேரத்தைச் சுற்றித்தான் நடக்கின்றன. ஆர்.கே. புரத்திலோ மயூர் விஹாரிலோ ரோலர் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகும் பிள்ளை, மொபைலில் வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீகான என்எச்எல் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு “நானும் இதை ஆடணும்ப்பா” என்று கேட்டால், பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான். உறைபனியே விழாத ஊரில் இருந்துகொண்டு இந்தத் தொழிலுக்குப் போக முடியுமா என்ற கேள்விக்குப் பதிலும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

45 விநாடி வேலை

ஆட்டக்காரர் களத்தில் இறங்கி, ஆடி, பெஞ்சுக்குத் திரும்புவது ஒரு ஷிஃப்ட். அது 40 முதல் 50 விநாடிதான். அதற்குள் முழு வேகத்தில் ஓடி, சட்டென்று நின்று, திரும்பி, மோதி, மறுபடி வேகமெடுக்க வேண்டும். இவ்வளவு கடுமையான உழைப்புக்கு மூச்சில் வரும் ஆக்ஸிஜன் போதாது. தசைகள் தங்கள் சேமிப்பை எரித்துத் தீர்க்கின்றன. ஒரு நிமிடத்தைத் தாண்டினால் தொடை கனக்கும், முழங்கால் மடிவது குறையும், உடம்பு நிமிரும். கால் போய்ச் சேராத இடத்துக்கு ஸ்டிக்கை நீட்டி எதிராளியை இடறிவிட்டு, இரண்டு நிமிட பெனால்டி வாங்குவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். பெஞ்சில் இரண்டு, மூன்று நிமிடம் உட்கார்ந்தால் கால் மீண்டுவிடும். ஓர் ஆட்டத்தில் இப்படி 20, 25 ஷிஃப்ட் வரும்.

ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறுவார்கள். வெளியேறுபவர் பெஞ்சுக்கு ஐந்தடி தூரத்துக்குள் வந்த பிறகே அடுத்தவர் இறங்கலாம். அவசரப்பட்டு இறங்கிய ஆறாவது ஆள் ஆட்டத்தில் தலையிட்டால், அணி இரண்டு நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். இரண்டாம் பகுதியில் அணிகள் பக்கம் மாறுவதால், தாம் காக்கும் கோல் தம் பெஞ்சிலிருந்து தூரத்துக்குப் போய்விடும். களைத்த ஐந்து பேர் அங்கே சிக்கிக்கொண்டால் மாற்றுவதற்கு வழியில்லை. பக் எனப்படும் ரப்பர் வட்டை எப்படியாவது நடுக்கோட்டுக்கு வெளியே தள்ளினால்தான் மீட்சி. இரண்டாம் பகுதியில் விழும் கோல்கள் பலவற்றுக்குப் பின்னால் இந்தத் தூரம் இருக்கிறது. ஆட்டம் பார்க்கத் தொடங்குபவர்கள் பக்கையே துரத்திக்கொண்டிருக்காமல் ஒரு பகுதி முழுவதும் பெஞ்சை மட்டும் கவனித்தால், இந்த விளையாட்டின் உள்கட்டமைப்பு தெரியும்.

நிமிடம் எப்படிக் கூடுகிறது

கோல் அடிப்பவருக்குத்தான் நேரம் கூடும் என்று வெளியிலிருந்து பார்க்கத் தோன்றும். மேல் இரண்டு வரிசைகளுக்கு அது சரி. கீழ் இரண்டு வரிசைகளில் இருப்பவர்களுக்குப் பிழைப்பு வேறு இடத்தில். தம் அணி ஆள் குறைவாக இருக்கும் இரண்டு நிமிடத்தைக் கோல் விடாமல் கடத்துவது, நடுவர் பக்கைப் போடும்போது அதைத் தம் பக்கம் இழுத்தெடுப்பது, 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஷாட்டின் குறுக்கே விழுவது, பலகைச் சுவர் ஓரம் இரண்டு பேரோடு மல்லுக்கட்டிப் பக்கை வெளியே தள்ளுவது. இவற்றில் ஒன்றையாவது நம்பகமாகச் செய்பவருக்கு எட்டு நிமிடம் பன்னிரண்டாகும். இந்த வேலைகளை மட்டுமே செய்து பத்து ஆண்டு நிலைத்தவர்கள் என்எச்எல்லில் நிறைய உண்டு. அவர்களைத்தான் இளம் ஆட்டக்காரர்கள் முதலில் பார்த்துக் கற்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

நேரத்தைக் குறைப்பதும் இப்படிச் சின்னச் சின்னக் காரியங்கள்தான். களத்தில் இரண்டு நீலக் கோடுகள் உண்டு. அந்தக் கோட்டருகே பக்கை இழந்தால், முன்னேறிக்கொண்டிருக்கும் கூட்டாளிகள் அத்தனை பேரும் தவறான திசையில் இருப்பார்கள். எதிரணி மூன்று பேர், தடுக்க இரண்டு பேர் என்ற நிலை உடனே உருவாகும். ஒருவரை ஏமாற்றிக் கடக்கும் அழகான வித்தையை ஓர் இளைஞர் இந்த இடத்தில் முயன்று தோற்றால், அடுத்த இரண்டு ஷிஃப்ட் பெஞ்சிலேயே உட்கார நேரும். பக்கை எதிரணியின் மூலைக்குத் தள்ளிவிட்டு ஆள் மாறுவது பார்ப்பதற்குச் சுவாரசியம் இல்லாத முடிவுதான். ஆனாலும் பயிற்சியாளர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள்.

எந்தக் கைப்பக்கம் ஆடுகிறோம் என்பதும் விலையைத் தீர்மானிக்கும். புல்தரை ஹாக்கி ஸ்டிக்குக்கு ஒரே பக்கம்தான். ஐஸ் ஹாக்கியில் ஸ்டிக்கின் வளைவு வலம், இடம் இரண்டிலும் உண்டு. டிஃபன்ஸ் ஆட்டக்காரர்கள் ஜோடியாக ஆடுவதால் ஒருவர் லெஃப்ட் ஷாட், ஒருவர் ரைட் ஷாட்டாக இருந்தால் நல்லது. சுவரோரம் வரும் பக்கை உள்கையால் எடுக்கலாம், திரும்ப வேண்டியதில்லை. என்எச்எல்லில் லெஃப்ட் ஷாட்கள்தான் அதிகம். அதனால் நல்ல ரைட் ஷாட் டிஃபன்ஸ் ஆட்டக்காரருக்கு எப்போதும் கிராக்கி. நம் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையைப் பிடித்து வளர்ந்தவர்கள். வலக்கை மட்டையாளரின் பிடியில் இடக்கை மேலே, வலக்கை கீழே. அதே பிடி ஐஸ் ஹாக்கியில் ரைட் ஷாட். அதற்காகக் கட்டாயப்படுத்த வேண்டாம். பக்கை ஆட்டிக் கொண்டுபோகும் வேலையை மேல்கைதான் செய்கிறது. பலமான கை மேலே இருப்பதே சிலருக்கு எளிது. இரண்டு வகை ஸ்டிக்கையும் தந்து ஒரு வாரம் பார்த்தால் பிள்ளையே தேர்ந்தெடுத்துவிடும்.

கோல்கீப்பரின் கணக்கு தனி. 32 அணிகளுக்கு அணிக்கு இரண்டு பேர் என்றால் 64 இடம்தான். அதிலும் ஒருவர் ஆடும்போது மற்றவர் பெஞ்சில். ஆடினால் முழு 60 நிமிடம், ஆடாவிட்டால் சுழியம். பெரும்பாலான கோல்கீப்பர்கள் இருபதுகளின் நடுவில்தான் தேறுகிறார்கள். அதுவரை கீழ் லீகுகளில் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

ஏணி

கனடாவில் பிள்ளைகள் ஐந்து, ஆறு வயதில் தொடங்குகிறார்கள். வயதுப் பிரிவு பிறந்த ஆண்டை வைத்து நடப்பதால், ஜனவரியில் பிறந்த பிள்ளை டிசம்பரில் பிறந்த பிள்ளையைவிட ஏறக்குறைய ஒரு வயது பெரியது. எட்டு வயதில் அது பெரிய இடைவெளி. பெரிய உருவம் கொண்ட பிள்ளை நல்ல அணிக்குத் தேர்வாகும், அதிக நேரம் ஆடும், அதனாலேயே இன்னும் தேறும். தொழில் லீகுகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது. உடலால் மோதித் தடுப்பதை 13 வயதுக்கு முன் கனடாவில் அனுமதிப்பதில்லை.

14, 15 வயதில் கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீகுகள் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும். அவற்றில் 60க்கும் மேற்பட்ட அணிகள், 16 முதல் 20 வயதுவரை ஆட்டம், ஓர் ஆண்டில் 64 முதல் 68 ஆட்டங்கள். பிள்ளை வேறு ஊரில், அணி ஏற்பாடு செய்த ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கிப் பள்ளிக்குப் போகும். சம்பளம் என்று பெரிதாக இல்லை. ஆனால் ஆடிய ஒவ்வொரு ஆண்டுக்கும் ஓர் ஆண்டுக் கல்லூரிக் கட்டணத்தை லீக் ஏற்கும். மற்றொரு வழி அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி. அங்கே ஆட்டங்கள் குறைவு, பெரும்பாலும் வார இறுதியில். உடம்பைத் தேற்றவும் படிக்கவும் நேரம் உண்டு. கனடா ஜூனியரில் ஆடியவர் அமெரிக்கக் கல்லூரியில் ஆட முடியாது என்ற பழைய தடை 2025 ஆகஸ்ட் முதல் நீங்கிவிட்டது. எனவே 16 வயதிலேயே இரண்டில் ஒன்றை இழக்க வேண்டிய நெருக்கடி இப்போது இல்லை. ஸ்வீடன், ஃபின்லாந்து போன்ற நாடுகளில் தொழில் கிளப்பே தன் ஜூனியர் அணிகளில் பிள்ளைகளை வளர்க்கிறது.

செப்டம்பர் 15க்குள் 18 வயது நிறைபவர்கள் அந்த ஆண்டு என்எச்எல் டிராஃப்ட்டுக்குத் தகுதி பெறுவார்கள். ஏழு சுற்று, 224 பேர். ஐபிஎல் ஏலத்தில் பெயர் விழுந்தால் அந்தப் பருவத்துக்கே சம்பளம் உறுதி. டிராஃப்ட் அப்படியல்ல. அந்த வீரரோடு ஒப்பந்தம் பேசும் உரிமையை மட்டும் ஓர் அணி எடுத்துக்கொள்கிறது, வேலை தருவதில்லை. பெய்ஜிங்கில் பிறந்த ஆண்டோங் சோங்கை 2015இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் 172ஆவது ஆளாக எடுத்தது. டிராஃப்ட்டில் தேர்வான முதல் சீனப் பிறப்பு வீரர் அவர். என்எச்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மறுபக்கம் 1998இல் 171ஆவதாகத் தேர்வான பாவெல் டட்ஸ்யூக்கும், 2000இல் 205ஆவதாகத் தேர்வான ஹென்ரிக் லுண்ட்க்விஸ்டும் அந்தத் தலைமுறையின் சிறந்த ஆட்டக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். தேர்வே ஆகாத மார்ட்டின் செயின்ட் லூயி 2003-04 பருவத்தில் லீகின் அதிகபட்சப் புள்ளிகளை எடுத்தார். 18 வயதில் போடும் மதிப்பெண்ணுக்கு இவ்வளவுதான் பொருள்.

ஒப்பந்தமும் பணமும்

என்எச்எல் அணி ஒன்று 50 ஒப்பந்தங்கள்வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அணியில் 23 பேருக்குத்தான் இடம். மீதிப் பேர் அதற்குக் கீழே உள்ள அமெரிக்கன் ஹாக்கி லீகில், அதாவது ஏஎச்எல்லில் ஆடுவார்கள். 18 முதல் 21 வயதில் கையெழுத்திடும் முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு. அது இருவழி ஒப்பந்தம். மேலே ஆடும் நாளுக்கு ஒரு சம்பளம், கீழே ஆடும் நாளுக்கு வேறு சம்பளம். 2025-26 பருவத்தில் என்எச்எல்லின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,75,000 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய ஏழு கோடி ரூபாய். இதை மொத்தத் தொகையாக நினைத்து மயங்கக் கூடாது. பருவத்தின் சுமார் 190 நாட்களுக்கு நாள் கணக்கில் அது வரும். நாளொன்றுக்கு 4,000 டாலர் சொச்சம். யாருக்கோ அடிபட்டதால் பத்து நாள் மேலே அழைக்கப்பட்டவர் அந்தப் பத்து நாளுக்கே பெறுவார். பதினோராம் நாள் கீழே அனுப்பப்பட்டால் மீண்டும் ஏஎச்எல் சம்பளம். இருவழி ஒப்பந்தத்தில் அது மேலே தருவதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கலாம்.

ஏஎச்எல் பருவத்தில் 72 ஆட்டம். வெள்ளி, சனி, ஞாயிறு என்று தொடர்ந்து மூன்று இரவு ஆட வேண்டிய வாரங்களும் உண்டு, ஊர்களுக்கு இடையே பேருந்துப் பயணம்தான். அதற்கும் கீழே ஈசிஎச்எல். அங்கே வாரச் சம்பளம், தங்க வீடு அணி தரும். அனுபவம் சேர்ந்த வீரரை என்எச்எல் அணி கீழே அனுப்ப நினைத்தால், முதலில் 24 மணிநேரம் மற்ற 31 அணிகளுக்கும் அவரை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும். யாரும் கேட்காவிட்டால்தான் கீழே அனுப்பலாம். அதனால் இரண்டு பேர் சமமாக ஆடினால், இந்த விதிக்கு உட்படாத இளையவரைக் கீழே அனுப்புவதுதான் அணிக்குப் பாதுகாப்பு. நன்றாக ஆடியும் இளைஞர்கள் கீழே போவதன் காரணம் பல சமயம் இதுதான்.

27 வயது நிறைந்தவரோ ஏழு பருவம் ஆடியவரோ ஒப்பந்தம் முடிந்ததும் எந்த அணிக்கும் போகலாம். அதற்கு முன் பழைய அணிக்கே பெரும்பிடி. பெரிய பணம் வருவது இந்த 27 வயது ஒப்பந்தத்தில்தான். அதுவரை காயமின்றி இருப்பது அதனால் முக்கியம். ஒப்பந்தத் தொகை பெரும்பாலும் உறுதியானது. அணி பாதியில் விலக்கினால், 26 வயது ஆகாதவருக்கு மிச்சத் தொகையில் மூன்றில் ஒரு பங்கையும், மற்றவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கையும், மிச்ச ஆண்டுகளின் இரட்டிப்புக் காலத்துக்குப் பரப்பித் தர வேண்டும்.

மேலே இடம் கிடைக்காதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ஐரோப்பா இருக்கிறது. சுவிட்சர்லாந்து, ஸ்வீடன், ஜெர்மனி, ஃபின்லாந்து லீகுகளில் மரியாதையான சம்பளத்தில் நல்ல வாழ்க்கை நடத்தலாம். பல லீகுகளில் வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு இது கடினமான வாசல். அந்தச் சில இடங்களுக்கு ஏஎச்எல்லில் தேர்ந்த கனடாக்காரர்களும் அமெரிக்கர்களும் வரிசையில் நிற்கிறார்கள், அவர்களைவிட மேலாக இருந்தால்தான் இடம்.

பெண்களுக்கு 2024 ஜனவரியில் பிடபிள்யூஎச்எல் என்ற தொழில்முறை லீக் தொடங்கியது. ஆறு அணிகளோடு ஆரம்பித்து 2025-26இல் எட்டானது. முதல் பருவத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டாலர், ஒவ்வோர் அணியிலும் குறைந்தது ஆறு பேருக்கு 80,000 டாலருக்குக் குறையாமல் தர வேண்டும் என்ற விதி. ஆண்களின் தொகையோடு பார்த்தால் சிறிதுதான். ஆனால் மகளிரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடிய நிலையை இந்த லீக் மாற்றியிருக்கிறது.

உடம்பு

ஸ்கேட்டை வெளிப்பக்கமாகத் தள்ளியே வேகமெடுப்பதால் இடுப்பும் உள்தொடைத் தசையும்தான் முதலில் தேயும். முழங்காலை உள்மடித்து விழும் பாணியால் கோல்கீப்பர்களுக்கு இடுப்பு மூட்டுத் தொல்லை இன்னும் அதிகம். தலை அதிர்ச்சிதான் அச்சத்துக்குரியது. அடிபட்ட உடனே மறுபடி அடிபட்டால் சேதம் பன்மடங்காகும். அதனால் ஓய்வு, மெல்லிய உடற்பயிற்சி, தனியாக ஸ்கேட்டிங், மோதல் இல்லாத பயிற்சி, முழுப் பயிற்சி, பிறகே ஆட்டம் என்று படிப்படியாகத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி திரும்பினால் ஒரு படி பின்னே. இளையவர்கள் அறிகுறியை மறைப்பதன் காரணம், வெளியே இருந்தால் தங்கள் நிமிடங்கள் வேறொருவருக்குப் போய்விடும் என்ற பயம். பெற்றோர் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு நேராகக் கேட்க வேண்டும்.

2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் ஆடம் ஜான்சன் கழுத்தில் ஸ்கேட் வெட்டி இறந்தார். அதன்பின் கழுத்துக் காப்பு பல லீகுகளில் கட்டாயமானது. என்எச்எல்லில் 2026-27 முதல் புதிதாக வருபவர்களுக்குக் கட்டாயம். பிள்ளைக்கு ஸ்டிக் வாங்குமுன் இதை வாங்குங்கள்.

தில்லியிலிருந்து

இந்தியாவில் ஐஸ் ஹாக்கியைத் தொழிலாகக் கொண்டவர்கள் பெரும்பாலும் ராணுவத்திலோ இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையிலோ பணியில் இருப்பவர்கள். லடாக்கில் இந்த அணிகள்தான் வலிமையானவை. வருமானம் அரசுப் பணியிலிருந்து, ஆட்டம் அதன் பகுதியாக. இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம் 1989இல் சர்வதேசக் கூட்டமைப்பில் சேர்ந்தது, ஆண்கள் தேசிய அணி 2009இல் முதல் சர்வதேசப் போட்டியில் ஆடியது. பெண்கள் அணி 2016இல் களமிறங்கி, 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் லடாக்கில் உறைந்த குளங்களில் ஆடக் கற்றவர்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு 2024 முதல் லே நகரில் ஒரு லீக் நடத்துகிறது.

ஐஸ் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். லடாக்கில் இயற்கைப் பனியில் இரண்டு மாதம், தினம் இரண்டு மணிநேரம் என்று வைத்தால் 120 மணிநேரம். கனடாவில் வாரம் நான்கு மணிநேரம், 30 வாரம் என்றாலும் அதே 120. தில்லியில் வாரம் இரண்டு மணிநேரம் 45 வாரம் போனால் 90. முதல் சில ஆண்டுகளுக்கு இது தோற்கும் கணக்கல்ல. குருகிராம் ஆம்பியன்ஸ் மாலில் உள்ள ரிங்க் முழு அளவைவிடச் சிறியது, ஆனால் ஒன்பது வயதுவரை அது குறையில்லை. கனடாவிலேயே சின்னப் பிள்ளைகளை முழுக் களத்தில் விடாமல், குறுக்கே பிரித்த சிறு பகுதியில்தான் ஆடவைக்கிறார்கள். இடம் குறுகினால் பக்கைத் தொடும் வாய்ப்பு கூடும். 2016இல் டிராஃப்ட்டின் முதல் ஆளாகத் தேர்வான ஆஸ்டன் மேத்யூஸ் அரிசோனா பாலைவனத்தில் வளர்ந்தவர், சின்ன ரிங்கில் மூன்றுக்கு மூன்று ஆடித் தேறியவர். பிறந்த நாள் செப்டம்பர் 17 என்பதால் இரண்டு நாளில் ஓராண்டு டிராஃப்ட்டைத் தவறவிட்டு, அந்த ஆண்டைச் சூரிச் அணியில் தொழில்முறை ஆட்டத்தில் கழித்தார்.

பத்து, பன்னிரண்டு வயதுக்குமேல் சின்ன ரிங்க் போதாது. நீலக் கோடு, ஆஃப்சைடு, நீளமான பாஸ் எல்லாம் முழுக் களத்தில்தான் பிடிபடும். டேராடூனில் 60க்கு 30 மீட்டர் அளவில் உள்ள ஹிமாத்ரி ரிங்க் பல ஆண்டு மூடிக்கிடந்து 2025இல் மறுபடி திறந்தது. லே நகரில் என்டிஎஸ் வளாகத்தில் செயற்கைக் குளிரூட்டிய ரிங்க் உண்டு. அங்கே 3,500 மீட்டர் உயரம், இறங்கிய நாளே ஸ்கேட் கட்டக் கூடாது, குறைந்தது இரண்டு நாள் உடம்பு பழக வேண்டும். குளிர்காலப் போட்டிகள் ஜனவரி, பிப்ரவரியில் வரும். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் பிப்ரவரியில் தொடங்கும். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று இரண்டு தேர்வுக் காலம் இருப்பதால், அதற்கு மாறுவதை ஒன்பதாம் வகுப்பிலேயே யோசிக்கலாம்.

என்எச்எல் அளவுக்கு ஆசை இருந்தால் 12, 13 வயதில் பிள்ளை வேறு நாட்டுக்குப் போக வேண்டியிருக்கும். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. சிட்னியில் வளர்ந்த நேதன் வாக்கர் 13 வயதில் செக் நாட்டுக்குப் போனார், 2017இல் என்எச்எல்லில் ஆடிய முதல் ஆஸ்திரேலிய வீரரானார். கனடாவின் ஸ்கார்பரோவில் பெரியப்பாவோ அத்தையோ இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தங்க இடம் கிடைத்தாலும் படிப்பு விசா, பாதுகாவலர் பத்திரம், ஆட்டக்காரர் மாற்று அனுமதி மூன்றும் வேண்டும், கட்டணங்களும் பெரியவை. அந்த எல்லைக்குப் போகாமல் தேசிய அணியை இலக்காக வைப்பதும் முழு மதிப்புள்ள பாதைதான்.

தொடங்கும்போது நடக்கும் பெரிய தவறு ஸ்கேட் அளவில். “வளரும் பிள்ளை” என்று ஒன்றிரண்டு அளவு பெரிதாக வாங்கினால் கணுக்கால் உள்ளே மடியும், ஓரம் பிடிக்காது. ஸ்கேட் அளவு ஷூ அளவைவிட ஒன்று, ஒன்றரை குறைவாக இருக்கும். நேராக நிற்கும்போது விரல் முனையைத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் விலக வேண்டும். வாடகை ஸ்கேட்டில் முன்னால் பல் வரிசை இருந்தால் அது ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கானது, தவிருங்கள். கத்தியைப் பத்து மணிநேர ஆட்டத்துக்கு ஒருமுறை தீட்ட வேண்டும். இரு ஓரத்தின் மேலும் ஒரு நாணயத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் அது சாயாமல் நிற்க வேண்டும், சாய்ந்தால் ஓரங்கள் சமமில்லை. ஆடி முடித்ததும் துடைக்காவிட்டால் தில்லி மழைக்கால ஈரத்தில் ஒரு வாரத்தில் துரு ஏறும். ஸ்டிக், வெறுங்காலோடு நிற்கும்போது மூக்குவரை எட்ட வேண்டும். அதில் எழுதியிருக்கும் ஃப்ளெக்ஸ் எண், அதாவது தண்டு எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதைக் காட்டும் எண், பிள்ளையின் எடையில் பவுண்டு கணக்கில் பாதியளவு. 40 கிலோ பிள்ளைக்கு 40 முதல் 45. நீளத்தை வெட்டினால் ஸ்டிக் விறைப்பாகிவிடும், அதற்கேற்பக் குறைந்த எண்ணை வாங்குங்கள்.

ரோலர் ஸ்கேட்டிங்கிலிருந்து வரும் பிள்ளைக்கு ஓட்டம் வரும், நிறுத்தம் வராது. சக்கரம் பக்கவாட்டில் சறுக்காது, கத்தி சறுக்கும். அந்தச் சறுக்கலில்தான் ஐஸில் நிற்கிறோம். முதல் பத்து மணிநேரம் ஸ்டிக் இல்லாமல், வலது பக்கம் நிறுத்தம், இடது பக்கம் நிறுத்தம், பின்னோக்கி ஓட்டம், பின்னோக்கியபடி திரும்புதல் என்று இவற்றையே செய்யட்டும். எல்லோருக்கும் ஒரு பக்கம் எளிது. மறுபக்கத்துக்கு இரட்டை நேரம் ஒதுக்குங்கள். பக் கையாளும் பயிற்சிக்கு ஐஸ் தேவையில்லை. மொட்டை மாடியில் வழவழப்பான பிளாஸ்டிக் பலகையின் மேல் பக்கின் எடையை ஒத்த, 160 கிராம் அளவுள்ள பந்தை வைத்துத் தினம் 20 நிமிடம், தலையைத் தூக்கி எதிர்ச்சுவரைப் பார்த்தபடி தட்டினால் போதும். ரிங்கில் வாடகைக்கு வாங்கும் நிமிடங்களை ஐஸில் மட்டுமே கற்க முடிந்தவற்றுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.